பாம்புப் பெட்டிக்கு ஒரு சூடு போதாது

மச்சான்,

மகள் பாம்பு வாங்கிவிட்டாள் என்று நீ எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், அம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. வயலில் சாரையைக் கண்டாலே வரம்பை விட்டுக் குதிக்கிற உனக்கு இப்படி ஒரு பிள்ளை! நீ இருக்கிற நோர்வேயில் 2017 வரைக்கும் ஊர்வன வளர்ப்பதே தடை, அதன்பிறகுதான் 19 இனங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், உன்னுடைய நல்ல காலம் மகளுக்கு அதற்குப் பிறகுதான் ஆசை வந்திருக்கிறது. இங்கே இலங்கையில் ஒரு வெங்கணாந்தியை, அதுதான் நம்மூர் மலைப்பாம்பை, பிடித்து வீட்டில் வைத்தால் வனஜீவராசிகள் திணைக்களம் பாம்போடு சேர்த்து உன்னையும் ஏற்றிக்கொண்டு போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிக்குள் 30 பாகை காட்டுகிறது, அப்படியிருந்தும் பாம்பு சாப்பிடவில்லை, நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடக்கிறது, என்ன குறை என்று கேட்டிருந்தாய். எனக்குப் படுவது, அந்த 30 பாகையே சந்தேகம். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட வெப்பமானி தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் காட்டும், அதையும் சரியாகக் காட்டாது. பாம்பு கிடப்பது தரையில். கீழே ஹீட் மேட் என்கிற கரண்டில் சுடும் விரிப்பு, அதுவும் சூட்டை அளவோடு நிறுத்துகிற தேர்மோஸ்டாட் இல்லாமல், கடைக்காரன் தேவையில்லை என்று சொன்னான் என்கிறாய். அப்படியென்றால் அந்த இடத்துத் தரை 40ஐத் தாண்டி நின்றாலும் மேலே ஒட்டியிருக்கிற முள் அசையாது. கிண்ணத்தை விட்டு வெளியே வராத பாம்பு பெரும்பாலும் சூட்டுக்குத் தப்பி ஓடியதாகத்தான் இருக்கும். உண்ணி இருந்தாலும் இப்படிச் செய்யும், செதில் இடுக்கில் கறுப்புப் புள்ளி ஏதும் ஊருகிறதா என்று மகளை ஒருக்கால் பார்க்கச் சொல்.

என்னிடம் குஞ்சு பொரிக்கிற பெட்டி இருப்பதால்தானே கேட்டாய். அங்கேதான் வித்தியாசம். கோழி முட்டைக்கு மூலை முடுக்கெல்லாம் ஒரே சூடு, 37.5 பாகை, வேண்டும், அதற்காகவே உள்ளே சின்ன காற்றாடி வைத்துச் சுற்ற விடுகிறேன். முட்டை எழுந்து தள்ளிப்படுக்காது. பாம்பு தள்ளிப்படுக்கும். அதற்கு உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாது, இடம் மாறி மாறித்தான் கூட்டும் குறைக்கும். சாப்பிட்டால் சூட்டுப் பக்கம் போய் வயிற்றை வைத்துப் படுக்கும், செரித்ததும் குளிர்ந்த பக்கம் வரும். ஆகவே எத்தனை பாகை வைப்பது என்று கேட்காதே, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்று கேள். மகள் வைத்திருக்கிற ‘போல் பைத்தன்’ (ball python) என்கிற மலைப்பாம்பு மேற்கு ஆபிரிக்காவில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கிற சாதி. அதற்குச் சூட்டு முனை 31 முதல் 33, குளிர் முனை 25 முதல் 27. இரவில் கொஞ்சம் இறங்கலாம், 24க்குக் கீழே விடாதே.

இன்னொன்று, படத்தில் ஒரே ஒரு மறைவிடம்தான் தெரிகிறது. இரண்டு வேண்டும், இரு முனையிலும் ஒவ்வொன்று, உடம்பு இறுக்கமாக அடங்குகிற அளவில். புற்றில் வாழ்கிற பாம்பு வெட்டவெளியில் கிடக்கப் பயப்படும், ஒளிய இடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சூடோ குளிரோ அங்கேயே கிடந்து சீரழியும், நீயும் அதற்கு அந்தச் சூடுதான் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

தேர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை இனி பிளக்கில் போடாதே. சுட்டால் பாம்பு விலகிவிடும்தானே என்று சொல்வார்கள், நம்பாதே, வயிற்றுத் தோல் வெந்து போகும் வரை அதன் மேலேயே படுத்திருக்கும். மேட் ஒரு முனையில் மட்டும், தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தேர்மோஸ்டாட்டின் சூடு அளக்கிற சென்சர் வயர் நுனியை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து இறுக்கி ஒட்டு. உள்ளே சும்மா போட்டால் பாம்பு இழுத்துப் போட்டுவிடும், அல்லது தண்ணீர் பட்டுக் குளிரும், உடனே தேர்மோஸ்டாட் பெட்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மேட்டை முழு மூச்சில் எரிக்கும். என் குஞ்சுப் பெட்டியிலும் நான் நாளாந்தம் முதலில் பார்ப்பது சென்சர் நுனி இருந்த இடத்தில் இருக்கிறதா என்றுதான். உள்ளே போட்டிருக்கிற தும்பை மேட் பக்கம் மெல்லியதாகப் பரப்பு. (நாங்கள் இங்கே ஓரமாய்க் குவித்து எரிக்கிற தேங்காய்த் தும்பை நீ குரோணர் கொடுத்து வாங்குகிறாய் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.) தடிப்பாகப் போட்டால் சூடு அடியிலேயே தங்கும், பாம்பு தோண்டிக்கொண்டு போய் நேரே கண்ணாடியில் படுக்கும்.

அளக்க இரண்டு சாமான் வாங்கு: வயர் வைத்த டிஜிட்டல் வெப்பமானி, சூட்டுத் தரையைக் குறிவைத்துப் பார்க்கிற இன்ஃப்ராரெட் துப்பாக்கி. துப்பாக்கி தரைக்கு மட்டும்தான், காற்றைச் சொல்லாது.

அப்புறம் உன் ஊர்க் குளிர். மேட் காற்றைச் சூடாக்காது. இரவில் ஹீட்டரைக் குறைத்துவிட்டுப் படுக்கிற ஆளென்றால் பெட்டியின் குளிர் முனை 20க்கு இறங்கிவிடும். அதற்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றை மேலே தூக்கலாம், பீங்கான் ஹோல்டரில், பாம்பு தொட முடியாதபடி கம்பிக் கூடு போட்டு, அதற்கும் தனித் தேர்மோஸ்டாட். சிவப்பு பல்ப் வேண்டாம், இரவு இருட்டாகவே இருக்கட்டும். செராமிக் காற்றைக் காய வைக்கும், அங்கே மாரியில் வீட்டுக் காற்றே வறட்சி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள். ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்தால் சளி பிடிக்கும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு இழுப்பது கண்டால் ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் ஓடு.

இங்கே கதை தலைகீழ். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்புகள் குளிர் தேடித்தான் வீட்டுக்குள் வருகின்றன, தண்ணீர்த் தொட்டியடி, குளியலறை மூலை, நெல் மூட்டைக்குக் கீழே. மாரியில் வெள்ளம் ஏறினால் மேடு தேடி வரும். வாசித்ததில் எனக்கு ஆகப் பிடித்தது நம்முடைய வெங்கணாந்தியின் விஷயம். பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசையைத் துடிக்க விட்டே சூடு உண்டாக்குகிறதாம், சுற்றுப்புறம் குளிர்ந்தாலும் முட்டை கிட்டத்தட்ட 32, 33 பாகையில் நிற்கிறதாம். தேர்மோஸ்டாட்டும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. உன் மகளுடைய இனம் முட்டையைச் சுற்றிப் படுக்கும், ஆனால் இப்படித் துடித்துச் சூடேற்றாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டாய். அதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு, 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே. ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகையால் பெட்டியை மூன்று பக்கமும் மூடு, மேலே கம்பளி, மூச்சுக்கு ஒரு ஓரம் விடு. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி ஒரு முனையில் வை. ஓரிரவு குளிர்ந்தால் பாம்பு தாங்கும். வயிற்றில் இரை இருக்கும்போது குளிர்ந்தால்தான் கரைச்சல், செரிக்காமல் கக்கிவிடும். அதனால் சூடு ஒரு கிழமை ஆடாமல் நிற்கும் வரை எலி கொடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல். அந்த இனம் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும், சமையல் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதச் சொல், நிறை விழாதவரை பதற வேண்டியதில்லை.

இங்கே எல்லாரும் சுகம். மூத்தவன் வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகத் தொடங்கிவிட்டான், மோட்டார் சைக்கிள் கேட்டு நச்சரிக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான், உன்னை எப்போதும் விசாரிப்பா.

தேர்மோஸ்டாட் பூட்டினதும் சூட்டுத் தரை எவ்வளவு, குளிர்த் தரை எவ்வளவு, சென்சர் நுனி எங்கே இருக்கிறது, மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. எலியை எந்தப் பெட்டியில் உறைய வைக்கிறீர்கள் என்பதை மட்டும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசாதே.

உன் கூட்டாளி
மட்டக்களப்பு