28 மிமீ லென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"அனமார்ஃபிக் அடாப்டருக்குப் பின்னால போட 28 மிமீ பழைய லென்ஸ் இருக்கா?" சில மாதங்களாக வடபழனி கடைக்கு வருகிற பலரும் கேட்கும் கேள்வி இது. இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். (சினிமா மாதிரி அகலப் படம் கிடைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடிதான் அனமார்ஃபிக் அடாப்டர்.)

தீபாவளிக்கு முன்பு குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவர் வந்தார். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா, தியேட்டர் புரொஜெக்டரிலிருந்து கழற்றிய 2x அடாப்டர். 28 மிமீ கேட்டார், கொடுத்தோம். விடியற்காலை பெசன்ட் நகர் கடற்கரையில் மானிட்டரைப் பார்த்தால், குழாய்க்குள் இருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி சுற்றிலும் கறுப்பு. அன்றைய ஷூட் வீண். அவர் கேமராவில் மாட்டிப் பார்க்காமல் கொடுத்தது எங்கள் தவறு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

விஷயம் இதுதான். 2x அடாப்டர் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி உள்ளே அனுப்புகிறது. அதனால் 50 மிமீ லென்ஸ் அகலத்தில் 25 மிமீ பார்ப்பதைப் பார்க்கும் (மிமீ எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்). உயரத்தில் 50 மிமீ ஆகவே இருக்கும். அகலம் அடாப்டரிலிருந்தே வந்துவிடுகிறது. பின்னால் 28 மிமீ போட்டால், அடாப்டர் 14 மிமீ அளவு அகலத்தைக் காட்ட வேண்டும். புரொஜெக்டர் கண்ணாடிக்கு அவ்வளவு வாய் கிடையாது. அதன் குழாய்தான் படத்தில் விழும்.

ஃபுல் ஃப்ரேமில் 85 மிமீ, அதைவிடச் சிறிய சென்சாரான ஏபிஎஸ்-சியில் ஹீலியோஸ் 44-2 போன்ற 58 மிமீ, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 45 மிமீ பக்கம் என்று தொடங்குங்கள். அடாப்டருக்கு அடாப்டர் இது கொஞ்சம் மாறும்.

இதில் ஒரு சலுகையும் உண்டு. நெருக்கி எடுத்த 16:9 படத்தை எடிட்டில் 2x விரித்தால் 3.56:1 வரும். அவ்வளவு நீளமான படத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை, சினிமா அகலமான 2.39:1க்கு வெட்டுவார்கள். பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஓரத்துக் கறுப்பும் அதோடு போகும். அதனால் ஒரு படி அகலமான லென்ஸ் போடலாம். ஆனால் 2x கொடுத்த அகலத்தில் மிஞ்சுவது 1.33x அளவுதான். கேமராவில் 4:3 மோடு இருந்தால் 2.66:1 வரும். வெட்ட அதிகம் இல்லை, கறுப்பை ஒளிக்கவும் இடம் இல்லை.

அகலம்தான் முக்கியம் என்றால், குறைவாக நெருக்குகிற 1.33x அடாப்டரைப் பாருங்கள். 16:9லேயே 2.37:1 கிடைக்கும், வெட்டவே வேண்டாம். அதன் பின்னால் போட, 28ஐ விட 35 மிமீ என்பது எங்கள் யோசனை. சூப்பர் டாகுமர் 35 எஃப்/3.5, ஃப்ளெக்டோகன் 35 எஃப்/2.4 இரண்டையும் விரும்பிக் கொடுப்போம். இரண்டுக்கும் முன்வாய் சின்னது, ஃபில்டர் திருகு 49 மிமீ. மற்ற லென்ஸ் வாங்கும்போது அபர்ச்சரை (ஒளி வரும் துளையை) சிறிதாக்கிவிட்டு முன்பக்கத்திலிருந்து பாருங்கள். துளை கண்ணாடிக்குப் பக்கத்தில் தெரிந்தால் நல்லது. கிணற்று ஆழத்தில் தெரிந்தால் கறுப்பு சீக்கிரம் வரும்.

அப்புறம், ஃபோகஸ் செய்யும்போது சில பழைய லென்ஸ்களின் முன்பக்கம் சுற்றும். அடாப்டரும் கூடவே சுற்றி, படம் சாய்ந்துவிடும். கனமான அடாப்டரை ஃபில்டர் திருகில் தொங்கவிடாமல், ராடு போட்டுத் தாங்குங்கள். லென்ஸிலும் அடாப்டரிலும் தனித்தனியாக ஃபோகஸ் வைக்க வேண்டும் என்பதால், அபர்ச்சரை எஃப்/4 பக்கம் வைத்துப் பழகுவது நல்லது.

இனிமேல் அடாப்டரையும் உங்கள் கேமராவையும் கொண்டுவந்தால்தான் லென்ஸ் கொடுப்போம். கடை வாசலில் எதிர்வீட்டுச் செங்கல் சுவர் இருக்கிறது, ஓரம் கறுக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். இருட்டிய பிறகு வந்தால் போன் டார்ச்சைக் காட்டி, அடாப்டரால் படத்தில் வரும் ஒளிக்கோடு நேராகப் படுக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து மாட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து