பிரசங்கக் குறிப்பில் ரிக் வேதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

"ஓம் ஸ்ரீ கன்னிசுதாய நமஹ என்று ரிக் வேதமே இயேசுவைப் போற்றுகிறது" என்று சென்ற இதழின் பிரசங்கக் குறிப்பில் அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த மண்டலம் (பகுதி), எந்தச் சூக்தம் (பாடல்), எத்தனையாவது மந்திரம்? ரிக் வேதத்தில் 10 மண்டலங்களும் 1028 சூக்தங்களும் உண்டு. ஒவ்வொரு மந்திரத்துக்கும் எண் உண்டு. நீங்கள் அச்சிட்ட வரி அவற்றில் எங்கும் இல்லை. 'ஓம் ஸ்ரீ' என்று தொடங்கி 'நமஹ' என்று முடிவது கோயில் அர்ச்சனை நாமாவளியின் அமைப்பு. சூக்தங்கள் அப்படி அமைந்தவை அல்ல. இது தாங்கள் அறியாததல்ல.

கைப்பிரதிகளில் நெடுங்காலமாகச் சுற்றிவரும் வரி இது. இப்போது தங்கள் பத்திரிகையே அதற்கு ஆதாரமாகிவிட்டது. துக்க வீட்டு ஜெபத்தில் இதைச் சொன்னால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இந்து அன்பர் கைப்பேசியிலேயே தேடிப் பார்த்துவிடுவார். அதன்பின் பிரசங்கியார் லூக்கா சுவிசேஷத்தை வாசித்தாலும் அவர் எப்படி நம்புவார்?

உண்மையில் இருக்கும் பகுதிகளையும் வெட்டித்தான் எடுக்கிறோம். புருஷ சூக்தம் (10:90) 16 மந்திரங்கள் கொண்டது. தேவர்கள் ஆதி மனிதனான புருஷனைப் பலியாக்கிய வரிகளைக் கல்வாரிச் சிலுவையோடு இணைத்துப் பேசுகிறவர்கள் 12ஆம் மந்திரத்தைத் தொடுவதில்லை. வாயிலிருந்து பிராமணன், காலிலிருந்து சூத்திரன் என்பது அங்கேதான் வருகிறது. அந்த வருணக் கணக்குக்கும் வெளியே தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நம் ஆலயங்களில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருக்கும்போது, அந்தச் சூக்தத்தை மேடையில் வைத்துக் கொண்டாட எப்படி மனம் வருகிறது? குர்ஆன் 4:171உம் இப்படித்தான் வெட்டுப்படுகிறது. இயேசுவை இறைவனின் வார்த்தை என்று சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 'மூன்று என்று சொல்லாதீர்கள்' என்பதும் அதே வசனம்தான்.

பிற நூல்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்ஸ் மேடையில் பவுல், அராட்டஸ் என்ற கிரேக்கப் புலவரின் வரியை எடுத்தார் (அப். 17:28). 'உங்கள் புலவர்களிலும் சிலர்' என்று அது யாருடையது என்பதைச் சொல்லித்தான் எடுத்தார். அதைத் தீர்க்கதரிசனம் ஆக்கவில்லை. ரோமர் 12:20ஐப் பிரசங்கிக்கும்போது, 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' என்ற 314ஆம் குறளை முழுதாகச் சொல்லுங்கள், எண்ணையும் சொல்லுங்கள். தீமை செய்தவன் நாணும்படி நன்மை செய்து, இரண்டையும் மறந்துவிடச் சொல்கிறது குறள். அந்த மறத்தல் ரோமரில் இல்லை. பசித்த சத்துருவுக்குப் போஜனம் கொடு என்ற கட்டளை குறளில் இல்லை. இந்த வேறுபாட்டிலேயே ஒரு பிரசங்கம் இருக்கிறது. அதற்காக வள்ளுவரை அப்போஸ்தலர் தோமாவின் சீஷராக்க வேண்டியதில்லை. அதையும் தங்கள் பத்திரிகையில்தான் வாசித்தோம்.

'முயற்சி செய்கிறவனுக்குத்தான் தேவன் உதவுவார்' என்பதை வேதாகம வசனம் என்று போட்டீர்கள். யோசுவா காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்றும் போட்டீர்கள். முன்னது 66 புத்தகங்களில் எதிலும் இல்லை, பின்னது வெறும் கட்டுக்கதை. சுட்டிக்காட்டி எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரி பதிலும் இல்லை. எங்களைப் போன்ற ஞாயிறு பிரசங்கிகள் தங்கள் குறிப்பை நம்பித்தான் மேடை ஏறுகிறோம் என்பதையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அடுத்த இதழில் அந்த 'ரிக் வேத' வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி எந்த நூலிலிருந்து மேற்கோள் எடுத்தாலும் அருகிலேயே எண்ணையும் அச்சிடுங்கள்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை