முதலிடம் எதை அளக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சொகுசுக் கார்களின் தரவரிசையை வெளியிடும்போது, அந்த எண் எதை அளக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் ஆரம்பத் தர ஆய்வு, புதுக் கார் வாங்கிய முதல் 90 நாள் குறைகளைத்தான் கேட்கிறது. கணக்கு, 100 கார்களுக்கு எத்தனை குறை என்பது. அதில் புளூடூத் இணையாததும் ஒன்று, கியர்பாக்ஸ் பழுதும் ஒன்று! இது சரியான அளவுகோலே அல்ல.

பழைய கார் வாங்குவோருக்கு, வாரண்டி முடிந்தபின் ஓட்டியவர்களின் அனுபவமே உதவும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளால் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை டேப்பால் அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், அங்கே காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். கசிவை ஈடுகட்ட, அதற்குக் காற்றடைக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடேறி, கடைசியில் அதுவும் போய்விடும்.

— வாசகர் ஒருவர்