விடுமுறை நாளில் தொலைபேசியை எடுப்பவர் யார்?

போதை மீட்பு மையங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

குடியை நிறுத்திய பிறகு வந்த முதல் நீண்ட விடுமுறையில் என் ஆலோசகரின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று, மையம் மீண்டும் திறக்கும் தேதியை மரியாதையாகச் சொன்னது. அன்று நான் குடிக்கவில்லை. மன உறுதிதான் காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில், எனக்குத் தெரிந்த கடைகளும் அன்று அடைத்திருந்தன.

உலகம் ஓய்வெடுக்கும் நாட்களில்தான் எங்களுக்கு வேலை கூடுகிறது. வேலைநாட்கள் கட்டிக் காத்துவந்த உறக்கமும் வேளைக்கு உணவும் குலைந்துவிட, பழைய நண்பர்களும் பழைய மனத்தாங்கல்களும் ஒரே கூடத்தில் வந்து அமர, கண்ணாடிக் குவளைகள் உரசும் ஒலி ஒன்றே பல ஆண்டுப் பழக்கத்தை மூளைக்குள் எழுப்பிவிடப் போதுமானதாகிவிடுகிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கவனிக்கும்படி நீங்கள் எங்களுக்குக் கற்பித்தீர்கள். விடுமுறையில் அந்த நான்கும் சேர்ந்தே வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே, விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொருவருடனும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வரப்போகும் நாட்களுக்கான திட்டத்தை எழுத வையுங்கள். எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது, யாருடன் போவது, யாரையும் எதிர்பார்க்காமல் எப்படித் திரும்புவது என்பவை அதில் இருக்க வேண்டும். குவளையை நீட்டுபவரிடம் “வேண்டாம், நான் குடிப்பதில்லை” என்று நிறுத்திக்கொள்ளப் பழக்குங்கள், ஏனெனில் காரணம் சொல்லத் தொடங்கினால் அது வாதமாகிவிடும். வேட்கையை அலையாகக் கருதி, அதனோடு மல்லுக்கட்டாமல் அது எழுந்து தணியும்வரை கவனித்திருக்கும் முறையை உளவியலாளர் ஆலன் மார்லட் வகுத்துத் தந்தார். அந்த அலை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் என்பதை முன்பே அறிந்தவருக்கு, அந்த அரை மணி நேரம் முடிவற்றதாகத் தோன்றாது.

மருந்துகளையும் மறவாதீர்கள். மது உள்ளே போனால் உடலை வாட்டி, குடியிலிருந்து விலகியிருக்க உதவும் டைசல்ஃபிரம் மாத்திரையை எடுப்பவர், மது சேர்த்த இனிப்பாலும் சில இருமல் மருந்துகளாலும்கூட அவதிப்படலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரையிலும் அந்த ஆபத்து நீடிக்கக்கூடும். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை விட்டவருக்கு ஆபத்து இன்னும் கொடியது: உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால், முன்பு பழகிய அளவே இப்போது உயிரைப் பறித்துவிடலாம். இதைச் சொன்னால் ஆசையைத் தூண்டிவிடுவோம் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஒருவர் தவறிவிட்டால் என்ன செய்வது? “எல்லாம் போயிற்று” என்ற எண்ணம்தான் முதல் குவளையை விடப் பெரிய சேதத்தைச் செய்கிறது; வெட்கத்தை மறக்கவே இரண்டாவது குவளை தேவைப்படுகிறது. “குடித்திருந்தாலும் எங்களை அழைக்கலாம்” என்று, குடிப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள்.

அழைத்தால் எடுக்க ஓர் ஆள் வேண்டுமே! ஊழியர்களுக்கும் குடும்பம் உண்டு என்பதை அறிவேன், அவர்களுடைய ஓய்வைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்பவர்களின் இயக்கமாக 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் குழுக்கள் பல இடங்களில் விடுமுறை நாட்களில் இரவும் பகலும் தொடர் கூட்டங்களை நடத்துகின்றன. நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத, தாங்களும் மீண்டுவந்த மனிதர்கள். உங்களிடம் சிகிச்சை பெற்று ஆண்டுகள் கடந்தவர்களிடம், விடுமுறையில் தொலைபேசியை எடுக்க வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அவர்களில் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்த விடுமுறைக்கான பணிப் பட்டியலில் இரவு பத்து மணிக்குப் பிந்தைய கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் அதில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளிகளில் ஒருவன்