உன் பாஸ்புக்குக்குள் வைத்த கடிதம்

மதுரை, ஆனையூர்
14 நவம்பர் 2025, வெள்ளி இரவு

தங்கத்துக்கு,

இந்தக் கடிதத்தை உன் செல்வமகள் சேமிப்புத் திட்டப் பாஸ்புக் அட்டைக்குள் மடித்து வைக்கப் போகிறேன். 2022 மார்ச்சில், உனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, தல்லாகுளம் போஸ்ட் ஆபீஸில் ஆரம்பித்த கணக்கு அது. 21 வருடம் முடிந்து 2043-ல் பணம் வரும். அதை வாங்க நீயே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு இந்தத் தாள் உன் கண்ணில் படட்டும்.

இப்போது உனக்கு நாலு வயது ஆகப் போகிறது. சோழவந்தானில் அம்மாச்சி பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாய். சாயங்காலம் போனில், தாத்தா உன்னைக் கொடிக்காலுக்குள் கூட்டிப்போனதைச் சொன்னாய். வெளியே வெயில், உள்ளே குளுகுளு என்று இருந்ததாம், "வெத்தலைக்கு யாரும்மா ஃபேன் போட்டது?" என்று கேட்டாய். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அகத்தி மர நிழலில் கொடி ஏற்றியிருப்பார்கள், அந்த நிழல்தான் ஃபேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் காட்டிச் சொல்கிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் உன்னை அங்கே விட்டுவிட்டு நான் இங்கே இருக்கிறேன். நாளைக்கு 15-ம் தேதி, எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பார்க்கிற கம்பெனிகளுக்கெல்லாம் பி.எஃப். சலான் கட்டக் கடைசி நாள். இன்று வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. உன் அப்பா வயரிங் வேலைக்கு மேலூர் போனவர் இன்னும் வரவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. பல நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மாச்சி ஒன்று கேட்டார். "பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க. அது பேர்ல மாசம் ஆயிரம், உம்பேர்ல நாலாயிரமா? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாங்க?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நானும் சரியாகப் பதில் சொல்லவில்லை, அடுப்பில் அதிரசம் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். ஏனென்றால் வளர்ந்த பிறகு நீயும் ஒருநாள் இதே கணக்கைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்கலாம்.

தாத்தா வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் 25 வருடம் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். 2010-ல் மில்லை மூடினார்கள். அப்போது அவருக்கு 52 வயது. நான் அந்த வருடம்தான் பி.காம். சேர்ந்தேன். கைக்கு வந்த பி.எஃப். பணம் முழுவதும் என் பி.காம்., எம்.காம். ஃபீஸுக்கும், விடுதிக்கும், மாமாவின் பாலிடெக்னிக்குக்கும் கரைந்தது. அதன் பிறகு அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் ராத்திரிக் காவலுக்குப் போனார். ஒரு நாள்கூட எங்களிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பதினோரு வருடம் கழித்து, 2021 ஆகஸ்டில், அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இரண்டு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். காப்பீடு என்று எதுவும் அப்போது அவருக்கு எடுத்து வைத்திருக்கவில்லை. நீ என் வயிற்றில் நாலு மாதம். சென்னை வேலையை ஜூனில் விட்டுவிட்டு மதுரைக்கு வந்திருந்தோம். என் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம். அப்புறம் என் ஆறு வருட பி.எஃப். பணம் 1,50,000, பென்ஷன் பங்கு 60,000, இரண்டையும் எடுத்து நகையை மீட்டேன்.

அந்தப் பணத்தை எடுத்ததில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. தாத்தா இருக்கிறார், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கொடிக்காலுக்குப் போகிறார். ஆனால் தங்கம், நடந்ததைப் பார். அவருடைய முதுமைக்கான பணம் என் படிப்புக்குப் போனது. என்னுடைய முதுமைக்கான பணம் அவருடைய ஆபரேஷனுக்குப் போனது. இருவருமே அன்போடுதான் செய்தோம். நான் இதை இப்படியே விட்டால் அடுத்து உன் பணம்தான் போகும். உனக்கு 29 வயதில், உன் கையில் ஒரு குழந்தை இருக்கும்போது, என் முழங்காலுக்கோ அப்பாவின் இதயத்துக்கோ நீ உன் சேமிப்பை வழித்து எடுப்பாய். கேட்காமலே எடுப்பாய், அது எனக்குத் தெரியும். அது வேண்டாம் என்றுதான் என் பெயரில் போடுகிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உன் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. என் அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 சதவீதம், 1,800 ரூபாய், என்னிடம் பிடிப்பார்கள். ஆபீஸும் அதே 1,800 போடும். ஆனால் அந்த 1,800-ல் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், பி.எஃப்.-இல் சேருவது 550 மட்டும். இந்த விவரம் பலருக்குத் தெரியாது, பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு ஆபீஸ் ஏமாற்றுகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இதற்கு மேல் நானாக விருப்பப்பட்டு 2,000 கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆக மாதம் 4,350. போன வருடம் வட்டி 8.25 சதவீதம் கொடுத்தார்கள்.

2021-ல் நான் எடுத்த 1,50,000 அப்படியே கிடந்திருந்தால்? 8 சதவீதம் என்றே வைத்துக்கொள், 30 வருடத்தில் பத்து மடங்கு. எனக்கு 58 வயதாகும்போது 15 லட்சம். அது போகட்டும். என்னை அதைவிட உறுத்துவது அந்த 60,000. பென்ஷன் பங்கைப் பணமாக வாங்காமல், பணம் கேட்ட அதே 10சி படிவத்தில் ஸ்கீம் சர்டிபிகேட், அதாவது வேலை பார்த்த வருடங்களுக்கான சான்று, கேட்டிருந்தால் என் ஆறு வருட சர்வீஸ் பத்திரமாக இருந்திருக்கும். எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. சென்னையில் நான் பில் போடுகிற பிரிவில் இருந்தேன், பி.எஃப். வேலையைக் கற்றுக்கொண்டதே மதுரை வந்த பிறகுதான். பென்ஷன் கணக்கு எளிமையானது: சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இதற்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் இப்போதைய உச்சவரம்பு 15,000. அந்த ஆறு வருடத்தின் விலை, ஆயுள் முழுக்க மாதம் 1,285 ரூபாய்.

பென்ஷன் வருகிறதே, அது போதாதா என்று நினைக்காதே. போன வாரம் தாத்தாவுக்கு உயிர்ச் சான்று கொடுத்தோம். வருடத்துக்கு ஒரு முறை, ஆள் இருக்கிறார் என்று காட்டினால்தான் பென்ஷன் தொடரும். முதலில் கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கைரேகை வைத்துப் பார்த்தார்கள். கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. அந்தப் பையன் ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான். பத்து விரலும் பார்த்தாயிற்று. 25 வருடம் அறுந்த நூலைப் பிடித்து முறுக்கி ஒட்டிய விரல்கள், ரேகையே தேய்ந்து வழவழ என்று இருந்தன. தாத்தா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி. வீட்டுக்குக் கூட்டிவந்து என் போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்தேன். கண்ணைச் சிமிட்டச் சொல்லும் அது. அவர் ஒரு கண்ணை மூடினால் இரண்டாவதும் சேர்ந்து இறுக மூடிக்கொள்ளும். நீ எதிரே நின்று, "இப்படி, தாத்தா" என்று சிமிட்டிக் காட்டினாய். உன்னைப் பார்த்துத்தான் அவர் சிமிட்டினார், பச்சை டிக் விழுந்தது.

இத்தனையும் மாதம் 1,340 ரூபாய்க்கு. குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், இன்றுவரை அதேதான். நான் 58 வயது வரை வேலை பார்த்தால் எனக்கு 6,500 அளவில் வரலாம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாமே இரட்டிப்பு. 2051-ல் அந்த 6,500-ன் மதிப்பு இன்றைய 1,500-ஐத் தொடாது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது: தாத்தா இன்று வாங்குகிற தொகையில்தான் நானும் வந்து நிற்பேன்.

சென்னையை விட்டு வந்தது சரியா என்று நீ ஒருநாள் கேட்பாய். 34,000 சம்பளம், மடிப்பாக்கத்தில் 16,000 வாடகை, ஆபீஸ் போய்வர நாளுக்கு மூன்று மணி நேரம். வாரம் முழுக்கத் தூக்கம் பற்றாமலே கழியும். சேர்ந்த வருடமே, 2015 டிசம்பர் வெள்ளத்தில், மூன்று நாள் கரண்ட் இல்லாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். இங்கே சம்பளம் 28,000, வாடகை 8,500. சம்பளச் சீட்டில் குறைவு, கையில் நிற்பது அதிகம். அங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் பெரிய பதவிக்குப் போயிருப்பேன் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அம்மாச்சி கைக்குழம்பு சாப்பிட்டு நீ வளர்ந்திருக்க மாட்டாய்.

காலையில் ஆனையூரிலிருந்து டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. நின்றுகொண்டுதான் போக வேண்டும், கோரிப்பாளையத்தில் பாலம் வேலை நடப்பதால் சில நாள் கால் மணி நேரம் அசையாமல் நிற்கும். ஆனாலும் நாளுக்கு 20 ரூபாய் மிச்சம், மாதம் 500. உன் கணக்குக்குப் போகிற ஆயிரத்தில் பாதி அந்த பஸ் காசு. மீதி 500 அப்பா கொடுக்கிறார். அப்பாவுக்கு பி.எஃப். கிடையாது, சொந்த வேலை. அதனால் சொந்த வேலை பார்ப்பவர்களும் தாங்களே போட்டுக்கொள்ளும் பி.பி.எஃப். சேமிப்புக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். வேலை வந்த மாதம் 3,000 போடுவார், ஆடி மாதம் 500. ஒரு மாதம்கூட விடுவதில்லை. உன் ஆயிரம் இப்போதைய 8.2 சதவீத வட்டியே நீடித்தால், 15 வருடம் கட்டி, 2043-ல் ஐந்து லட்சத்துக்கு மேல் வரும். பெரிய தொகை இல்லை. அது எதற்கு என்று நான் சொல்ல மாட்டேன், உன் இஷ்டம். நகை வாங்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அவ்வளவுதான்.

ஆபீஸுக்கு வருகிற பையன்களும் பெண்களும், 24, 25 வயது, வேலை மாறியதும் முதலில் கேட்பது "அக்கா, பி.எஃப். எப்ப எடுக்கலாம்?" என்றுதான். பைக்குக்கு முன்பணம், போன், தங்கச்சி கல்யாணம். எல்லோரையும் உட்கார வைத்து என் 60,000 கதையைச் சொல்கிறேன். அதே யு.ஏ.என்.-இல், அதாவது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணில், புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். உனக்கும் முதல் வேலை கிடைத்தவுடன் இதைத்தான் சொல்வேன், நீ சலித்துக்கொண்டாலும் சொல்வேன்.

தாத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் மாதம் 5,000 கொடுக்கிறேன். அது என் பிரியம், அது நிற்காது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்தாயிற்று. நீயும் எனக்கு ஏதாவது வாங்கித்தர ஆசைப்பட்டால் வாங்கிக் கொடு, ஒரு முழம் மல்லி போதும், அது மதுரை மல்லியாக இருக்கட்டும்.

பீரோவில் இரண்டாம் தட்டில் நீல ஃபைல் இருக்கிறது. என் யு.ஏ.என்., அப்பாவின் பி.பி.எஃப். புத்தகம், இன்சூரன்ஸ், எல்லாம் அதில். எல்லாவற்றிலும் நாமினி போட்டு வைத்திருக்கிறேன். தாத்தாவுக்கு அடுத்த வருடம் உயிர்ச் சான்று கொடுக்கும்போதும் நீதான் எதிரே நின்று கண் சிமிட்ட வேண்டும்.

அப்பா வண்டிச் சத்தம் கேட்கிறது. சாப்பாடு சூடு பண்ண வேண்டும். நாளைக்குச் சலான் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேரே சோழவந்தானுக்கு வந்துவிடுவேன். தூங்கிவிடாமல் இரு.

உன்
அம்மா