வாசல் கேட்டிலேயே பேசித் தீர்

திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் ஆடை கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம், அதனால்தான் தாமதம். அம்மாவின் மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே.

"கம்ப்யூட்டர் போட்டீர்களே, வேலை குறைந்ததா?" என்று கேட்டிருந்தாய். முதல் வருஷம் கூடத்தான் செய்தது! சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தால் கேட்டில் சலானில் சீல் அடித்து உள்ளே விடுவார்கள். ஸ்டோரில் எடை போட்டு ஒரு சீட்டு எழுதுவார்கள். பத்து நாள் கழித்து பில் வரும். எங்கள் அக்கவுன்ட்ஸ் அண்ணன் ஆர்டர், சீட்டு, பில் மூன்றையும் மேஜையில் பரப்பி, ஸ்கேல் வைத்து வரிவரியாக டிக் அடிப்பார். ஒரு தடவை சாயம் போடாத கோரா துணி 512 கிலோ அனுப்பினோம், 476 கிலோ திரும்பி வந்தது. சாயம் போடும்போது எடை குறையும் என்று பேசின கழிவு ஆறு சதவீதம். அப்படிப் பார்த்தால் 481 வந்திருக்க வேண்டும். அந்த ஐந்து கிலோ எங்கே? அண்ணன் கண்டுபிடித்த அன்று துணி வெட்டித் தைத்து பேக்கிங்குக்கே போயாகிவிட்டது. மறுபடி எதை எடை போடுவது? இரண்டு மாதம் பில் கிடப்பில். சாயப்பட்டறைக்காரர் தினமும் போன். கம்ப்யூட்டர் வந்தபிறகு அதே மூன்று காகிதத்தையும் மூன்று பேர் டைப் அடித்தார்கள், அவ்வளவுதான்.

என் பையன் எம்.பி.ஏ. படிக்கிறான் இல்லையா, மைக்கேல் ஹாம்மர் என்பவர் 1990-ல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்கச் சொன்னான். ஃபோர்டு கார் கம்பெனியிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில், வட அமெரிக்காவில் பில் பார்த்துப் பணம் கொடுக்க மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்களாம். கம்ப்யூட்டர் போட்டு 400 ஆக்கலாம் என்று திட்டம். ஜப்பானின் மாஸ்டா கார் கம்பெனியில் எட்டிப் பார்த்தால் அதே வேலைக்கு ஐந்தே பேர்! சின்னக் கம்பெனி என்று கழித்துப் பார்த்தாலும் இடித்திருக்கிறது. அப்புறம் பில்லையே தூக்கிவிட்டார்கள். சரக்கு இறங்கும்போதே ஆர்டரோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் செக் போய்விடும். 14 விவரம் பொருந்த வேண்டிய இடத்தில் மூன்று போதும் என்றாகிவிட்டது.

நம்மால் பில்லைத் தூக்க முடியாது, அதில் கட்டின ஜி.எஸ்.டி.யை நம் வரியில் கழித்துக்கொள்ள அது வேண்டும். ஆனால் சரிபார்ப்பைக் கேட்டுக்கு நகர்த்தலாமே என்று முதலாளியிடம் சொன்னேன். சும்மா சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். சிறு நிறுவனங்களுக்குப் பணத்தை ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்காமல் வருஷ முடிவிலும் பாக்கி நின்றால் அந்த வருஷச் செலவில் கழிக்க முடியாது என்று 2024-ல் வருமான வரியில் கிடுக்கிப்பிடி வந்ததே, அது அவரை அசைத்தது. சாயப்பட்டறை, நிட்டிங், பிரிண்டிங் என்று நமக்குக் கூலிக்கு வேலை செய்து தருபவர்கள் பெரும்பாலும் அந்த வகைதானே.

இப்போது தராசு கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எடை போட்டதும் அனுப்பின எடையும் பேசின கழிவும் திரையில் வந்துவிடும். குறைந்தால் வண்டி நிற்கும்போதே பட்டறைக்குப் போன். ஈரப்பதமா, ஒரு ரோல் விட்டுப்போனதா என்று அங்கேயே பேசி முடிக்கிறோம். பில் வரும்போது சண்டை போட எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

ஃபோர்டில் அந்தப் பிரிவில் முக்கால்வாசிப் பேரைக் குறைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு அண்ணன் முகம்தான் வந்தது. 22 வருஷம் அந்த மேஜையில் இருந்தவர். வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டேன். எந்தப் பட்டறை எப்படி ஏமாற்றும் என்று அவருக்குத்தானே தெரியும், அதனால் கேட்டில் உட்கார வைத்தோம். "வாட்ச்மேன் ஆக்கிட்டீங்களே" என்று ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் ஒரு டிரைவரை மடக்கி, வண்டி இருக்கைக்கு அடியில் ஒளித்திருந்த துணி ரோலை இறக்க வைத்தார். அன்று டீ அவர் செலவு. அந்த ஸ்கேலை மட்டும் விடவில்லை, திரையில் வைத்து வரி பிடித்துப் படிக்கிறார்.

பொங்கலுக்கு வருகிறாயா? பழைய ஸ்டாண்டு பக்கம் நாம் சாப்பிடும் மெஸ் இன்னும் இருக்கிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி