எங்கள் அம்மாவின் கணக்கில் கை வைக்கும் முன்: வங்கிகளின் ஓய்வூதிய மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசு ஓய்வூதியங்களைக் கணக்கிட்டு வழங்கும் வங்கிகளின் மத்திய ஓய்வூதிய மையங்களில் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கிளைகளில் உங்களை ‘சிபிபிசி’ என்கிறார்கள். ஓய்வூதியர் யாரும் உங்களை நேரில் பார்த்ததில்லை. நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போகும்போது கிளையில் இருக்கும் ஊழியரைத்தான் பார்க்கிறோம். எவ்வளவு போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் மையத்தில்தான் முடிவாகிறது. அதனால்தான் கிளை மேலாளரை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓய்வூதியர் சங்கத்தில் விசாரித்தபோது, இது ஒரு வங்கியோடு நிற்கிற விஷயம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பணியில் இருக்கும்போதே 2009 மே கடைசியில் இறந்துபோனார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் 10 ஆண்டுகள் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், அதற்குப் பிறகு 30 சதவீதம். இதுதான் விதி. ஓய்வு பெற்ற பிறகு இறந்தவர் என்றால், 7 ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை கூடுதல் விகிதம்.

அம்மாவின் கூடுதல் விகிதம் 2019 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். நீங்கள் குறைக்கவில்லை. 2019 ஜூனிலிருந்து 2024 ஜூலை வரை அடிப்படை ஓய்வூதியம் 12,000 ரூபாய் போட வேண்டிய இடத்தில் 20,000 ரூபாயே போட்டுக்கொண்டிருந்தீர்கள். அதன் மேல் அகவிலை நிவாரணமும் 20,000-க்கே கணக்கிடப்பட்டது. மாதம் 8,000 ரூபாயும் அதற்கான அகவிலையும் சேர்ந்து சுமார் ஆறரை லட்சம் ஆகிவிட்டது.

இதை அம்மா எப்படித் தெரிந்துகொண்டார் என்பதை நீங்கள் கேட்க வேண்டும். கடிதம் வரவில்லை, ஃபோன் வரவில்லை. வழக்கம்போல வித்ட்ராயல் ஃபாரம் எழுதி கவுண்டரில் நீட்டினார். ஊழியர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “அம்மா, கணக்குல ஹோல்டு போட்டிருக்கு, எடுக்க முடியாது” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “சிபிபிசியில ரெக்கவரி போட்டிருக்காங்க, எங்களுக்கு விவரம் தெரியாதும்மா” என்று பதில். பின்னால் இன்னும் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். 71 வயதுப் பெண்மணி, கணவர் போன பிறகு யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்காதவர், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரி அவர் என்னிடம் கேட்டது, “போலீஸ் கேஸ் ஆகுமா?” என்றுதான்.

கணக்கில் இருந்த சேமிப்பையும் அந்த மாத ஓய்வூதியத்தையும் சேர்த்து முடக்கியிருந்தீர்கள். எழுதிக் கேட்டு, நேரில் கேட்டு, அப்புறம்தான் ஹோல்டு எடுக்கப்பட்டது. கணக்கில் இருந்ததில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதிக்கு மாதம் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது வங்கிகளில் நெடுநாளாக இருக்கும் வழக்கம், தெரியும். ஆனால் அது ஒரு வீட்டில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜூலையில் 30,000 ரூபாய் வாங்கியவர். சரியான விகிதத்துக்கு வந்ததும் அது 18,000 ஆனது. அதில் 6,000 பிடித்தம் போக, கைக்கு வருவது 12,000. இப்படியே போனால் கடன் தீர எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அம்மாவுக்கு எண்பது வயது ஆகிவிடும்.

அந்தப் பணம் எங்களுடையது என்று நான் வாதாடவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்கிறது. நியாயமான சட்டம். திருப்பூரில் ஒருவர் கணக்கில் பொதுப்பணிக்கான 40 லட்சம் ரூபாய் தவறுதலாக விழுந்து, அதைத் தெரிந்தே எடுத்துச் செலவழித்ததற்காக அவருக்கும் மனைவிக்கும் 2019-ல் மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அது வேறு. ஒரே நாளில் கணக்கில் 40 லட்சம் ஏறினால் யாருக்கும் தெரிந்துவிடும். அம்மா விஷயத்தில் ஏறியது எதுவும் இல்லை. 2019 மே மாதம் வந்த அதே தொகைதான் ஜூனிலும் வந்தது. குறைந்திருக்க வேண்டிய தொகை குறையவில்லை, அவ்வளவுதான். பாஸ்புக்கில் ஒரே மாதிரி வரிகள் கீழே கீழே அச்சாகிக்கொண்டிருந்தால், அதில் எந்த வரியைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்?

“பி.பி.ஓ-விலேயே (ஓய்வூதியம் வழங்கும் ஆணையிலேயே) தேதி இருக்கிறதே, நீங்கள் பார்க்கவில்லையா?” என்று கிளையில் கேட்டார்கள். இருக்கிறது. அப்பாவின் சர்வீஸ் காகிதங்களோடு டிரங்குப் பெட்டியில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். மங்கலான டைப் எழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டு வரிகள். முதல் வரியில் கூடுதல் விகிதமும் அது எந்தத் தேதிவரை என்பதும். அதற்குக் கீழே சாதாரண விகிதமும் அது எந்தத் தேதியிலிருந்து என்பதும். அம்மா எட்டாவது வரை தமிழில் படித்தவர். அதே ஆணையின் இன்னொரு பிரதி உங்களிடம் இருந்தது. அதைப் படித்துக் கணக்குப் போடுவதற்கென்றே உங்கள் மையம் இருக்கிறது. ஓய்வூதியம் வழங்குவது இலவச சேவையும் இல்லை. ஒவ்வொரு ஓய்வூதியப் பட்டுவாடாவுக்கும் வங்கிக்கு ரிசர்வ் வங்கி ஏஜென்சி கமிஷன் தருகிறது. 2019 ஜூலையிலிருந்து அது 75 ரூபாயாக இருந்தது. அம்மாவுக்குத் தவறான தொகை போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தக் கமிஷன் உங்களுக்குச் சேர வேண்டியதாகவே இருந்தது.

ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் சொன்னதை இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் கிளையில் யாரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. 2021 ஜனவரி 21 அன்று வந்த சுற்றறிக்கையில், தவறுதலாகக் கூடுதலாகப் போட்ட ஓய்வூதியத்தை மீட்கும் முறை பற்றிய பழைய சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எப்படி மீட்பது என்று ஓய்வூதியம் அனுமதித்த துறையைக் கேட்டு நடக்கச் சொன்னது. வங்கியின் தவறால் கூடுதலாகப் போயிருந்தால், தவறு தெரிந்த உடனே முழுத் தொகையையும் வங்கி அரசுக்கு ஒரே தவணையில் கட்டிவிட வேண்டும், ஓய்வூதியரிடமிருந்து வசூலாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. அதாவது அரசுக்கு நஷ்டம் இல்லை. அந்த நிலையில், 12,000 ரூபாயில் ஒரு மாதத்தை ஓட்டுபவரிடம் அவசர அவசரமாக ஹோல்டு போட என்ன தேவை இருந்தது? ரயில்வேயைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

நீதிமன்றங்களும் இதைப் பற்றிப் பேசியிருக்கின்றன. பஞ்சாப் அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், கடைநிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாக வழங்கப்பட்டு வந்த நிலையிலும் திரும்ப வசூலிப்பது கூடாது என்றது. மத்தியப் பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று அதை ஏற்று உத்தரவு போட்டது. அதே 2016-ல் இன்னொரு தீர்ப்பில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். 2009-ல் கணக்குத் தொடங்கும்போது அம்மாவிடம் அப்படி ஒரு உறுதிமொழி வாங்கியிருக்கிறீர்கள். கணவர் இறந்து சில வாரங்களில், எங்கெல்லாம் பெருக்கல் குறி போட்டிருந்ததோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். அதில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை. சட்டப்படி அது செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். முன்னறிவிப்பு இல்லாமல், கணக்கு காட்டாமல், முழுக் கணக்கையும் முடக்கலாம் என்று அந்த உறுதிமொழியில் எங்கே இருக்கிறது?

மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2020-ல் ஒரு வழக்கை விசாரித்தது. பண்டாரா படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, 85 வயதுப் பெரியவர் அவர். கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி வங்கி அவருடைய ஓய்வூதியத்தில் பிடித்தது. வேலை கொடுத்தவர் நிர்ணயித்த ஓய்வூதியத்தைத் தானாகக் குறைக்க வங்கிக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, வங்கி அவருக்கு 50,000 ரூபாய் செலவுத் தொகை கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அம்மாவின் விஷயம் வேறு, விகிதம் குறைய வேண்டியதுதான் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த வயதில் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போனால்தான் வங்கி காது கொடுக்கும் என்ற நிலை எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

உங்களிடம் வேகம் இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் யூகோ வங்கியில் ஐ.எம்.பி.எஸ். என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தின் வழியாக 820 கோடி ரூபாய் தவறான கணக்குகளில் ஏறியபோது, சில நாட்களுக்குள் 649 கோடியை மீட்டுவிட்டதாக வங்கியே பங்குச் சந்தைக்கு அறிவித்தது. சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி விழுந்தது என்றால், விழுந்த வேகத்தில் எடுக்கவும் பட்டது. பெரிய பிழை உடனே கண்ணில் படுகிறது. மாதம் சில ஆயிரம் ரூபாய் பிழை ஐந்து வருடம் யார் கண்ணிலும் படாமல் போகிறது, பிறகு ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது.

நான் உங்களிடம் கேட்பது இவைதான். பிடித்தம் தொடங்குவதற்கு முன் தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதோடு டியூ–டிரான் ஸ்டேட்மென்ட் கொடுங்கள்: மாதவாரியாக எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, அகவிலை எவ்வளவு என்று. அதைக் கேட்டு வாங்க நாங்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வரை எழுத வேண்டியிருந்தது. கையில் வந்த பிறகு பார்த்தால் இரண்டு மாதங்களுக்கு அகவிலை விகிதமே தவறாகப் போட்டிருந்தீர்கள். ஓய்வூதியர் பதில் சொல்ல ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். சேமிப்புப் பணத்தில் கை வைக்காதீர்கள். தவணையை அவருடைய மருந்துச் செலவையும் வாடகையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வையுங்கள். துறை தள்ளுபடி செய்ய வழி இருந்தால், அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். ஓய்வூதியமோ அரியரோ தாமதமானால், ஓய்வூதியர் கேட்காமலேயே ஆண்டுக்கு 8 சதவீதம் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. கூடுதலாகப் போட்ட பிழைக்கும் வங்கியின் பங்கு என்ன என்று அப்படி ஒரு விதி வர வேண்டும். அதை எதிர்க்காமல் இருங்கள்.

இதைப் படிக்கும் மற்ற குடும்ப ஓய்வூதியர் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பி.பி.ஓ-வை இன்றே எடுத்து அந்த இரண்டு தேதிகளையும் பாருங்கள். கூடுதல் விகிதம் முடிந்த பிறகும் தொகை குறையவில்லை என்றால், கிளையில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிடித்தம் தொடங்கியிருந்தால் முதலில் வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, அதிகாரிகளே. 2016-ல் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 2026-ல் பத்து வருடம் முடிகிறது. அடுத்த வருடம் இன்னொரு தொகுதி. அந்தத் தேதிகள் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கின்றன. இந்த மாதமே பட்டியல் எடுங்கள். ‘இன்ன தேதியிலிருந்து உங்கள் ஓய்வூதியம் இவ்வளவாகக் குறையும்’ என்று ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மாதம் 8,000 குறைவதே ஒரு வீட்டுக்குப் பெரிய அடி. அதைத் தெரிந்துகொண்டு தாங்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப ஓய்வூதியரின் மகள்,
பொன்மலை, திருச்சி.